மினி லேப்டாப்புக்குள் என் ஜாதகம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மெஷின் தானாகக் கெடுவது கம்மி. கையில் வைத்திருப்பவர் கெடுப்பதுதான் ஜாஸ்தி. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நீங்கள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. அங்கே வந்து வந்து என் உயிரை வாங்கியது ஒரு பத்து அங்குல மினி லேப்டாப். புதிதாக விற்ற காலத்தில் நெட்புக் என்று பெயர். விலை மலிவு, புத்தியும் மலிவு. அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் ஏழுமலை அண்ணன், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் கல்யாண ப்ரோக்கர். சுற்று வட்டாரத்துப் பெண், பிள்ளை ஜாதகங்களையெல்லாம் அதில்தான் டைப் அடித்து வைத்திருந்தார். முப்பத்து நாலு வயதாகியும் மாலை ஏறாத என் ஜாதகமும் அதற்குள்தான் இருந்தது. அம்மா கொண்டுபோய்க் கொடுத்தது. போன இடத்திலெல்லாம் "கம்பெனி வேலை இல்லையா, ரிப்பேர் கடையா?" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்த டப்பாவை வேண்டாமென்று திருப்பி அனுப்ப எனக்கு வக்கில்லை.

ஏற்றிய மெமரி

முதல் புகார், வேகம் இல்லை. ஒரு ஜாதகத்தைத் திறப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிடும் போலிருந்தது. "மெமரி ஏத்தணும்ணா" என்றேன். அது என் தப்புதான். மறுநாள் அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தார். செல்போனுக்குப் போடும் மெமரி கார்டு ஒன்றை வாங்கி, பக்கத்தில் இருந்த ஓட்டையில் செருகியிருந்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு அடி மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஒரு ஜிபி ரேமை எடுத்துவிட்டு இரண்டு ஜிபி போட்டேன். அதற்கு மேல் அந்த போர்டு தாங்காது. இதுதான் மெமரி, அது வெறும் கார்டு என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னது:

"ரெண்டுத்துக்கும் ஒரே பேர வெச்சது நானா தம்பி?"

நெற்றிப் பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், கேமரா போச்சு என்று தூக்கிக்கொண்டு வந்தார். பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வீடியோவில் பேசினாராம். அண்ணன் முகம் தெரியவில்லை, திரை முழுக்க மஞ்சளாகத் தெரிந்ததாம். அந்த ஆள் பயந்து வைத்துவிட்டார்.

வாங்கிப் பார்த்தேன். திரைக்கு மேலே, நட்ட நடுவில், கேமராக் கண்ணை அப்படியே மூடி ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம் வேறு. ஈரத்துணியால் ஒரே துடை, கேமரா பளிச். இதற்குப் பஸ் ஏறி வந்தீர்களா என்று கேட்டேன்.

"அதான தம்பி நெத்தி? பின்ன எங்க வெப்பாங்க?"

பழைய சாமான்

மார்கழியில் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. சாவதற்குள் எடுத்துவிடலாம் என்று சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் வாங்கி, பழையதில் இருந்த அத்தனையும் அதற்கு மாற்றிக் கொடுத்தேன். மெஷின் ஓடியது, நானே எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாகப் போவார் என்று பார்த்தால், கழற்றிய பழையதைக் கொடு என்று கையை நீட்டினார்.

நம் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. மாற்றிய சாமானைக் கையில் வாங்காவிட்டால் மாற்றவே இல்லை என்று அர்த்தம். சாகக் கிடக்கிற டிஸ்க்கை வைத்துக்கொண்டு சாம்பிராணியா போடப்போகிறீர்கள் என்றேன். அண்ணன் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"உன்ன நம்பலன்னு இல்ல தம்பி. இருந்தா என்னா, சோறா கேக்குது?"

கிளீன்

பங்குனிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒருவர், அண்ணன் வீட்டில் நுழைந்து அக்கா மகளின் ஜாதகத்தைக் காட்டியிருக்கிறார். கீழ்பென்னாத்தூர் பெண், நர்ஸ் வேலை. அண்ணன் போன் நம்பரோடு எல்லாவற்றையும் டைப் அடித்துக்கொள்ள, அவர் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பார்த்ததில் எட்டுப் பொருத்தம். ரிப்பேர் கடை என்றதும் பெண்ணின் மாமாவான அவர் உதட்டைப் பிதுக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை அண்ணன் அவருக்குப் போன் போட்டுப் பேசுவதாக ஏற்பாடு. நான் தினமும் சவரம் செய்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை அண்ணன் வந்தார். மெஷின் சுடுகிறது, விசிறி கத்துகிறது, "கிளீன் பண்ணிக் குடு" என்றார். எங்கள் தொழிலில் கிளீன் என்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவது. நான் முறைப்படி கேட்டேன்: "டேட்டா வேணுமாண்ணா?" அவர் யோசிக்கவே இல்லை. "வேணாம் தம்பி, டேட்டாலாம் போன்ல இருக்குது." பரவாயில்லையே, இந்த மனுஷனுக்கும் காப்பி எடுத்து வைக்கத் தெரிந்துவிட்டதே என்று மெச்சிக்கொண்டே அழித்தேன்.

வியாழக்கிழமை காலை அண்ணன் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு ஜாதகம்கூட இல்லை. கடைக்கு வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தூசி எடுக்கத்தானே தம்பி சொன்னேன்? டேட்டான்னா நெட்டு தானே? அது போன்ல தினம் ஒன்றரை ஜிபி வருதே."

மாமா

புது டிஸ்க்கில் அழித்தது அழித்ததுதான். நான் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தேன். கடைசியில் அண்ணனே வீட்டுக்குப் போய், சாமி அலமாரியிலிருந்து அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்து வந்தார். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. இந்த முறை பொட்டைத் துடைக்காமலே மாட்டினேன். அது கடகடவென்று முனகிக்கொண்டே மார்கழி வரை இருந்த ஜாதகங்களைக் கக்கியது. என்னுடையதும் வந்தது. பங்குனியில் வந்தவள் எப்படி வருவாள்?

வெள்ளிக்கிழமை போனது. பேச நம்பர் இல்லை. சித்திரைப் பௌர்ணமிக்கு மாமா மறுபடியும் வருவார் என்று அண்ணன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தபடி சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வந்தார். ஏன் போனே வரவில்லை என்று கேட்டார். அண்ணனுக்குப் பொய் வராது. ப்ரோக்கர் தொழிலில் எப்படிப் பிழைக்கிறாரோ. நடந்ததை வரிசையாகச் சொல்லி, "பண்ணது இந்தத் தம்பிதான், மாப்பிள்ளையும் இவருதான்" என்று என்னைக் காட்டினார். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். போகும்போது அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது:

"கேள்வி கேட்டாரு சரி, பதிலு புரிஞ்சுதான்னு பாத்தாரா? எங்க பொண்ணு ஒண்ண வேணாம்னு சொல்லும், இவரு இன்னொண்ணுன்னு நெனச்சு மொத்தத்தையும் அழிச்சிடுவாரு. வுடுங்க."

மெஷினைக் கெடுப்பது அதைக் கையில் வைத்திருப்பவர்தான் என்று மேலே எழுதியதில் மாற்றமில்லை; அந்தப் புதன்கிழமை அதைக் கையில் வைத்திருந்தவன் நான்.