ஒருநாள் விட்டு ஒருநாள் பால்

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது அண்டாவுக்கு அண்டா, அரிவாள்மனைக்கு அரிவாள்மனை என்று எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். சிவலைப் பசுவை என்ன செய்வது? விற்றுவிடலாம் என்றார்கள். கூடவே கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தம்பி கைக்குழந்தை. காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. ஊர்ப் பால்காரர் திருமயம் ஓட்டல்களுக்கு ஊற்றியது போக மிச்சமாகக் கொண்டுவரும் பாலில் குளத்துத் தண்ணீர்தான் அதிகம். கடைசியில், ஒருநாள் அவர்கள் கறப்பது, மறுநாள் நாங்கள் கறப்பது என்று முறை வைத்தார்கள். கொட்டில் எங்கள் பக்கம் வந்தது. நடுவே கிளுவை வேலி, அதில் பெரியம்மா வந்துபோக ஒரு சந்து.

சிவலை இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. தலையீற்றிலிருந்து அதைக் கறந்தவள் பெரியம்மா. அவள் உட்கார்ந்தால் செம்பு நிறையும். அம்மா உட்கார்ந்தால் உதை! அம்மா அதன் காலைக் கட்டினாள், தவிடு வைத்தாள், கெஞ்சினாள், திட்டித் தீர்த்தாள். ஓர் உழக்குகூடத் தேறவில்லை. தம்பி அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தான்.

"மதினிய ஒரு வார்த்தை கூப்பிட்டா, கறந்து குடுத்துட்டுப் போறாங்க" என்றார் அப்பா, மெதுவாக.

"பாகத்தன்னைக்கு ஊரு முன்னாடி என்னைய என்ன பேச்சுப் பேசுனாங்க! அவங்ககிட்டப் போயி நின்னா என் பேரை மாத்தி வச்சுக்கங்க. மாடு நமக்கும் பாதிதானே? நானே கறந்து காட்டுறேன்."

எங்கள் அடுத்த முறையன்று விடியலில், பெரியம்மா பால் கறக்கும்போது கட்டும் பழைய சேலை வேலிமேல் எங்கள் பக்கமாகத் தொங்கியது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். சட்டென்று உருவி, உடம்பில் சுற்றி, முக்காடும் போட்டுக்கொண்டு மாட்டடியில் உட்கார்ந்தாள். சிவலை திரும்பி முகர்ந்து பார்த்தது. காலை அகற்றிக்கொண்டு பாலை விட்டது. அம்மா கறந்துகொண்டே அழுதாள். அன்றைக்குத்தான் தம்பி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான்.

"யாருகிட்டயாச்சும் சொன்னே, தோலை உரிச்சுப்புடுவேன்" என்று என்னை மிரட்டிவிட்டுச் சேலையைப் பழையபடி வேலியில் போட்டாள்.

என் அம்மாவுக்குத்தான் என்ன மூளை என்று எனக்கு ஒரே பெருமை. பெரியம்மாவை நினைத்தால் சிரிப்பாக வந்தது. ஒரு கரண்டி இடம் மாறினாலும் வீட்டை இரண்டாக்குகிறவள், சேலையை இப்படியா மறப்பாள்? வாய் சும்மா இருக்குமா? போய்ச் சொல்லிவிட்டேன்.

"பெரிம்மா, ஒங்க சேலை எங்க பக்கம் கெடந்துச்சு."

"ஆடிக்காத்துல்லடி, அடிச்சுக்கொண்டாந்து போட்டுருக்கும்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தம்பி பால் குடிச்சானா?" என்று கேட்டாள்.

ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. புரட்டாசியில் ஓர் இலைகூட அசையாமல் புழுங்கிய காலைகளிலும் சேலை வந்து கிடந்தது, எங்கள் முறையன்று மட்டும். காற்றுக்கு எங்கள் முறை எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.