கூப்பிட்ட பெயருக்கு வருகிறவள்

"பாஞ்சாலை, மாட்டக் கட்டிட்டியா?" என்று உள்ளேயிருந்து பெரியவரின் குரல் வருகிறது.

"கட்டிட்டேண்ணா. தீனியும் போட்டுட்டேன்" என்றபடியே சிவசங்கரி குனிந்து உள்ளே நுழைகிறாள்.

அந்த வீட்டில் மாடு கிடையாது. விற்றுப் பல வருஷம் ஆகிறது. பாஞ்சாலை என்பது பெரியவரின் தங்கை. அவள் செத்துப்போய் அதைவிட அதிக வருஷம் ஆகிறது. ஆனால் பெரியவரின் முகத்தில் இறுக்கம் தளர்ந்துவிட்டது. மாடு கட்டியாகிவிட்டது, இனிக் கவலையில்லை. கையை நீட்டுகிறார். சிவசங்கரி பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றத் தொடங்குகிறாள்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், படுக்கையில் விழுந்தவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். ஒரு தொண்டு நிறுவனம் சம்பளமும் ஜீப்பும் தருகிறது. வயது முப்பத்தாறு. குள்ளம். நடை வேகம். ஒரு வீட்டில் அவள் பாஞ்சாலை, அடுத்த வீட்டில் கோபித்துக்கொண்டு போன மருமகள், அதற்கடுத்த வீட்டில் பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி. நினைவு கலங்கியவர்கள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பாள். "நான் அவ இல்ல" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஜீப் ஓட்டும் ஃபுர்கான் பாய்க்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வாணியம்பாடிக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் கேட்டேவிட்டார்.

"இன்னா மேடம், வூட்டுக்கு வூடு பொய் சொல்றீங்க. பாவம் இல்லையா?"

"பொய் இன்னா பாய் இதுல? அவங்க ஒருத்தர கூப்புட்டுனே இருக்காங்க. அந்த ஆளு வரவே போறதில்ல. யாராச்சும் ஒருத்தர் போவணுமில்ல?"

ஃபுர்கான் பாய் வளைவு முடிகிறவரை யோசித்தார். பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை.

அவளிடம் வேறு சில விசித்திரங்களும் உண்டு. வழியில் நிற்கும் ஆட்டை இடித்துவிட்டால் ஆட்டிடம் "சாரி" சொல்வாள். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் மழைக்கோட்டு பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதா மாவைப் பெரிய வட்டமாகத் தேய்த்து, உருளைக்கிழங்கும் வேகவைத்த பலாக்கொட்டையும் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறு முறுக்குவதுபோல் கெட்டியாக முறுக்கிச் சுட்டெடுப்பாள். மலைக்காரர்கள் அதைச் சீமைக் கொழுக்கட்டை என்கிறார்கள். "இது சமோசாவோட பெரியப்பா" என்பது ஃபுர்கான் பாயின் கட்சி. தான் முன்பு இருந்த ஊரில் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆட்கள் கையெல்லாம் விஷமண்ணாக இருக்கும், அந்தத் தடித்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தின்றுவிட்டு ஓரத்தை எறிந்துவிடுவார்கள் என்று சொல்லிக் கொடுத்தபடியே அவள் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுவாள்.

அந்தச் சுரங்க ஊர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், கடல் பாறைமேல் இருக்கிறது. ஆலங்காயத்துப் பெண்ணான சிவசங்கரி வேலூரில் நர்சிங் முடித்து, கொஞ்ச நாள் அங்கேயே வேலை பார்த்து, ஒரு ஏஜென்சி மூலம் அந்த ஊர் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். போன புதிதில் ஜன்னலைத் திறந்தால் கூரையில்லாத கல் கட்டடங்களும் புகையில்லாத புகைபோக்கிகளும் தெரியும். பழைய கோட்டைகள் என்று நினைத்தாள். தகரமும் செம்பும் தோண்டிய சுரங்கங்களிலிருந்து தண்ணீர் இறைத்த இன்ஜின் வீடுகள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஊர் ஆண்கள் தரைக்கடியில் மட்டும் தோண்டவில்லை, கடலுக்கடியிலும் போயிருக்கிறார்கள். புயலடிக்கிற நாளில், தலைக்குமேல் கடலின் தரையில் பாறைகள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்களாம். இதைக் கேட்ட அன்று சிவசங்கரிக்குச் சோறு இறங்கவில்லை.

இல்லத்தில் பாஸ்கோ என்று ஒரு கிழவர் இருந்தார். அப்படிக் கடலுக்கடியில் வேலை செய்து ஓய்ந்தவர். எண்பத்தேழு வயது, கதவு உயரம். நினைவு போய்க்கொண்டிருந்தது. இங்கிலீஷ் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்து, கடைசியில் யாருக்கும் புரியாத ஏதோ ஒன்றைப் பேச ஆரம்பித்திருந்தார். தட்டைத் தள்ளிவிடுவார், கத்துவார். உளறல் என்றார்கள் சிலர். அந்த ஊர்க்காரியான சமையல்காரம்மா மட்டும், "இது எங்கள் பழைய கார்னிஷ் பாஷையாக இருக்கும். என் முப்பாட்டன் பேசியிருப்பான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். துவைத்த துண்டுகளை அடுக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தாள் சிவசங்கரி. பாதி திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"யாரு அங்க? இன்னா சத்தம்?"

சிவசங்கரி நின்றாள். பையில் கைபேசி தானாக ஆன் ஆகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். இல்லை.

"தண்ணி குடு. தண்ணி!"

மெல்ல எட்டிப் பார்த்தாள். நீலக் கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாஸ்கோதான். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் அட்லாண்டிக் கடல். அறையில் வேறு யாருமில்லை. "அப்ப என் காலு தரையில இல்ல" என்று இப்போதும் அதைச் சொல்லும்போது முன்கையைத் தடவிக்கொள்கிறாள். துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, வாயருகே பிடித்தாள். மடக்மடக்கென்று குடித்தார்.

"போதுமா தாத்தா?" என்றாள் தமிழில்.

அவர் திரும்பினார். அவளுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். கதவு உயர மனிதரின் உதடு, குழந்தை அழப்போகும்போது பிதுங்குமே, அப்படிப் பிதுங்கியது.

"முத்தம்மா, இவ்ளோ நேரம் எங்க போன?"

என்ன பதில் சொல்வதென்று அவள் யோசிக்கவில்லை. அது தானாக வந்தது. "கடைக்குப் போய்ட்டு வந்தேன் கண்ணு."

அன்றிலிருந்து அவள் முத்தம்மா. "துன்ன மாட்டேன் போ" என்று தட்டைத் தள்ளினால், "ஒரே வாய், அப்புறம் வெளாடப் போலாம்" என்பாள். வாயைத் திறப்பார்.

மகள் ஹெலனுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், ஒரே மகள். அப்பா தங்கச் சுரங்க ஊரொன்றில் பிறந்தவர் என்பது தெரியும். அந்தக் காலத்தில் கார்ன்வால் சுரங்கங்கள் படுத்துக்கொண்டபோது, ஆண்கள் உலகத்தில் எங்கெல்லாம் குழி வெட்டினார்களோ அங்கெல்லாம் பிழைக்கப் போனார்கள். பாஸ்கோவின் அப்பா போனது கோலாருக்கு. பையனுக்கு ஏழு வயதானதும் கப்பலேற்றி அத்தைகளிடம் அனுப்பிவிட்டார்கள். வந்து இறங்கிய பையன் ஏதோ ஒரு பாஷையில் அழுதான். இனி அந்தப் பேச்சு வாயில் வரக்கூடாது என்று அத்தைகள் கண்டித்தார்கள். அதன்பிறகு அவர் வாயில் அது வரவே இல்லை. மனைவியிடம் இல்லை, மகளிடம் இல்லை. எண்பது வருஷம்.

ஹெலன் ஒருநாள் சிவசங்கரியை மாதாகோயில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பாசி படிந்த ஒரு கல்லைக் காட்டினாள். இந்தியாவில் கோலார் தங்கவயலில் இறந்தவன் என்று யாரோ ஓர் இளைஞனின் பெயருக்குக் கீழே வெட்டியிருந்தது. சிவசங்கரி அந்த ஊர்ப் பெயரின்மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். அவளுடைய அம்மாவின் அப்பா காசி, தங்கவயலில் பாறையைத் துளைத்தவர். ஆலங்காயத்துக்குத் திரும்பி வரும்போது நெஞ்சு நிறையப் புழுதியையும் கொண்டுவந்தார். அது இருமலாகவே பேசி அவரை முடித்தது. உலகத்தின் இந்த ஓரத்து மழையில் நின்றுகொண்டு அந்த ஊரின் பெயரை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஹெலன் குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

பிறகும் அவளை அசத்தியது ஒன்றுதான். சொற்கள் எங்கே இருந்தன? கப்பலில் கடல் தாண்டி, ஒருவர்கூடக் கேட்காமல், கடலுக்கடியில் கல் உடைத்த மனிதனுக்குள்ளே, "இன்னா" என்கிற அவள் ஊர் உச்சரிப்புகூடத் தேயாமல் எப்படிக் கிடந்தன? ஒருநாள் அவர் "ஆலங்காயம் சந்தைக்குப் போலாமா?" என்றபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "நான் பேசிப் பேசி அவருக்கு ஒட்டிக்கிச்சோ இன்னாவோ, சத்தியமா தெரியாது" என்கிறாள் இப்போது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்வாள்.

சாயங்காலமானால் அவருடைய கேள்வி ஒன்றே: "முத்தம்மா, எப்ப வூட்டுக்குப் போலாம்?" பக்கத்தில் கையைப் பிடித்தபடி மகள் உட்கார்ந்திருப்பாள். அவர் பார்வை மகளைத் தாண்டி சிவசங்கரியைத் தேடும். "அப்பாவுக்குள் ஒரு வீடு இருக்கிறது. எனக்குத்தான் கதவு தெரியவில்லை" என்று ஹெலன் ஒருநாள் அழுதாள்.

அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த அன்று சிவசங்கரி அவர் கட்டிலருகே போகவில்லை. ஹெலனின் பின்னால் குனிந்து அவள் காதில் மூன்று சொற்களைச் சொன்னாள். ஹெலன் உதட்டை அசைத்து அசைத்துப் பழகினாள். வழக்கமான கேள்வி வந்தது. ஹெலன் அப்பாவின் முகத்தருகே குனிந்தாள்.

"போலாம் கண்ணு, வா."

உச்சரிப்பு கோணல்மாணல்தான். ஆனால் பாஸ்கோ திரும்பினார். பல மாதங்களுக்குப்பின் மகளை நேராகப் பார்த்தார். "முத்தம்மா" என்றார், அவளிடம். அவள் கையை இழுத்துத் தன் கன்னத்தின்கீழ் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் போய்விட்டார். கை அங்கேயே இருந்தது.

"எனக்கு வயிறு எரிஞ்சிது பாய்" என்று சிவசங்கரி ஃபுர்கான் பாயிடம் சொல்லியிருக்கிறாள். "அதுவரிக்கும் நாந்தானே முத்தம்மா. அப்புறம்தான், சீ, இன்னா புத்தின்னு ஆச்சு."

கொரோனாக் காலம் தாண்டியதும் ஊர் திரும்பிவிட்டாள். இந்தத் தை மாதம் ஹெலன் வந்தாள். சின்ன வயதில் அப்பாவை வளர்த்திருக்கவேண்டிய அந்த முத்தம்மாளின் வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றாள். பாஸ்கோ சொன்ன ஆலங்காயம் சந்தையைப் பிடித்துக்கொண்டு சிவசங்கரி முன்கூட்டியே விசாரித்திருந்தாள். ஆலங்காயத்தில் செத்துப்போன முத்தம்மாள்கள் தெருவுக்கு ஒருத்தி. தங்கவயலுக்குப் போனவர்களும் அப்படியே. விசாரித்துக்கொண்டே மலையேறியதில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு வழி கிடைத்தது.

அங்கே சின்னக்குழந்தை இருந்தாள். பேர்தான் அது, தொண்ணூறை நெருங்கியவள், கண் தெரியாது. "எங்கப்பனுக்கு அக்கா. முத்தம்மான்னுதான் பேரு. தங்கவயல்ல துரை வூட்ல புள்ள வளத்துச்சு. அந்தப் புள்ள கப்பல்ல போனப்புறம் வந்துருச்சு. கண்ணாலம்கூடக் கட்டிக்கல."

புள்ளையின் பெயர் நினைவில்லை. துரையின் பெயரும் இல்லை. சிவசங்கரி ஹெலனிடம் ஒளிக்கவில்லை. "இவர்களாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உறுதியாக என்னால் சொல்ல முடியாது" என்றாள். ஹெலன் தலையாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

சின்னக்குழந்தை கையை நீட்டி, வந்தவளின் முகத்தைத் துழாவினாள். மூக்கு, நெற்றி, காது. பிறகு கேட்டாள்.

"அந்தப் புள்ள கப்பல்ல துன்னுச்சாமா? எங்க அத்த சாவறவரிக்கும் அதயேதான் கேட்டுனு கெடந்துச்சு. யாரு ஊட்டியிருப்பாங்க, துன்னுச்சோ இல்லையோன்னு."

சிவசங்கரி அதை இங்கிலீஷில் சொன்னாள்.

ஹெலன் தன் முகத்திலிருந்த அந்தக் கிழக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள், இங்கிலீஷில், மெதுவாக. கப்பல், அத்தைகள், கடலுக்கடியில் சுரங்கம், அப்பாவின் பிடிவாதம், அவர் பாடும் பாட்டு. சின்னக்குழந்தை முகத்தைச் சாய்த்து, "ம்… ம்…" என்று கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் "ம்" விழவேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது.

வாசலில் நின்ற ஃபுர்கான் பாய் சிவசங்கரியைப் பார்த்தார். "இன்னா மேடம், கெழவிக்கு எடுத்துச் சொல்லலையா?"

சிவசங்கரி சத்தமில்லாமல் எழுந்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை வெளிச்சம் போகும் அளவுக்கு மட்டும் விட்டுச் சாத்தினாள்.