லியனார்ட் அண்ணனின் தோரணங்கள்

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கடையில் பதாகைகளையும் கல்யாண அட்டைகளையும் வடிவமைப்பவர் லியனார்ட் அண்ணன். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவார். கடையில் உள்ள மென்பொருளில் நம் ஊர்த் தோரணங்கள் கிடையாது. மாவிலை, வாழைமர வளைவு, மயில் ஓரம் எல்லாவற்றையும் அவரே செய்து சேர்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் பதாகையின் அகலத்துக்கு ஏற்பத் தோரணம் தானே நீளும்.

அவற்றை அவர் வைத்த இடம் மென்பொருளின் சொந்த ஃபோல்டர். அங்கே வைத்தால்தான் மென்பொருள் கம்பெனியின் படங்களோடு வரிசையாகத் தெரியும். "இது சாப்ட்வேரோட வந்ததா அண்ணே?" என்று யாராவது கேட்க வேண்டும். "நான் செஞ்சதுலா" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன வருடம் பிரெண்டா வேலைக்கு வந்தாள். அவளும் ஒன்று செய்தாள். ஆங்கிலத் தேதியைத் தட்டினால் தமிழ் மாதமும் நாளும் பக்கத்தில் வந்துவிடும். அதை அவள் 'கடை' என்று பெயரிட்ட தனி ஃபோல்டரில் வைத்தாள். திரையில் அது எல்லாவற்றுக்கும் கீழே தெரிந்தது.

"கடைசி வீட்டுல குடியிருக்கா பாரு" என்று அண்ணன் என்னிடம் சிரித்தார். ஆனால் முதலாளி பழனியப்பன் வாடிக்கையாளர்களிடம் அந்தத் தேதியைத்தான் காட்டினார். செராஸில் புதுக் கிளை திறக்கப் போகிறோம், அதை நடத்தப்போவது யார் என்று தைப்பூசத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்றும் அறிவித்தார். அன்றிலிருந்து அண்ணன் பிரெண்டாவோடு பசியாறப் போவதை நிறுத்தினார். அவள் வாங்கி வந்த கறிபாப் பலகாரத்தைக்கூடத் தொடவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல்களுக்கான பதாகைகள் குவிந்திருந்தன. காலையில் அண்ணன் தன் கணினியில் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றினார். திறந்து பார்த்தால் தோரணம் ஒன்றுகூட இல்லை. வேறு பிரதியும் அவர் வைத்திருக்கவில்லை.

"யாரு என் மெஷினத் தொட்டது?" என்று கத்தினார். பார்வை பிரெண்டா மேல்தான்.

"நான் ஏன் தொடுறேன்? அது கம்பெனி ஃபோல்டர் அண்ணே. புதுசு ஏத்துறப்போ பழசெல்லாம் தூக்கிட்டு அவங்க சாமானத்தான் வைப்பாங்க. உங்க சாமான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம செஞ்சது நம்ம ஃபோல்டர்ல இருந்தா அவங்க கை வைக்க மாட்டாங்க."

"பாடம் எடுக்காத லா. பந்தலுக்கு என்ன பதில் சொல்றது?"

பிரெண்டா தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'கடை' ஃபோல்டரில், அவளுடைய தேதிக்குப் பக்கத்தில், மாவிலை, வாழை, மயில் எல்லாம் இருந்தன. "உங்க தோரணத்த என் மெஷினுக்குக் காப்பி எடுத்தப்பவே இங்க வச்சிட்டேன். உங்க தோரணம் இல்லாம எனக்கு வேலை ஓடாது அண்ணே."

அண்ணன் நன்றி சொல்லவில்லை. தன் பிள்ளைகள் அடுத்த வீட்டில் சாப்பிடுவதைப் பார்த்தவர்போல நின்றார். பதாகைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

செராஸ் கிளையை முதலாளி பிரெண்டாவுக்குக் கொடுத்தார். "ரெண்டு பேரு சாமானும் அவ கையில பத்திரமா இருக்கு லியோ, வேற என்ன செய்ய?" என்றார்.

பிரெண்டா புதுக் கணினிகளுக்கான கோப்புகளைத் தயார் செய்தபோது அண்ணன் அவள் பின்னால் வந்து நின்றார்.

"என் தோரணம் உன் தேதியோட கலக்கக் கூடாது. எனக்குத் தனி ஃபோல்டர் போடு."

"கடைக்குள்ளேயே உங்க பேருல போடுறேன். சரியா?"

போட்டாள். தன் தேதிக்கும் தன் பெயரில் ஒன்று போட்டாள். எழுத்து வரிசையில் 'பிரெண்டா' மேலே, 'லியனார்ட்' கீழே. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். தன் பெயருக்கு முன்னால் ஓர் 'அ' சேர்த்தார். 'அ-லியனார்ட்' முதல் இடத்துக்குத் தாவியது.

"இப்ப சரி" என்றார். பிறகு அவள் வாங்கி மேசையில் வைத்திருந்த கறிபாப்பை எடுத்துக் கடித்தார்.