தலைவரின் அடுத்த வரி

சலவை ஆலையில் இஸ்திரி போடும் அவளுக்குச் சங்கத் தலைவர் மேல் இருந்த வன்மம் மூன்று வருடமாகியும் ஆறவில்லை. அவளுடைய அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்தான். அவனை முதலாளியின் ஒற்றன் என்று தலைவர் ஒரு கூட்டத்தில் நாக்கூசாமல் சொன்னார். அவள் ஒருத்திதான் ஆதாரம் கேட்டாள். கைதட்டலில் அவள் குரல் அமுங்கிப்போனது. மறுநாளிலிருந்து அவனோடு யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. மனம் நொந்து ஊரை விட்டுப் போனவன் திரும்பவே இல்லை. அன்றைய பேச்சு மட்டும் அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடமாகிவிட்டது.

இன்று சாப்பாட்டுக்கூடத்தில் தலைவர் மறுபடி மேஜை மேல் ஏறினார். இந்த முறை மாட்டிக்கொண்டவள், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டாத தையல்காரி.

"நம்ம நடுவுலயே ஒரு ஒற்றர் இருக்காங்க. சொல்லவே மனசு வலிக்குது" என்று தையல்காரியைக் கைகாட்டி ஆரம்பித்தார்.

இஸ்திரிக்காரி எழுந்தாள். "அடுத்து கண்ணாடியைக் கழட்டித் துடைப்பீங்க தலைவரே. 'கூடப்பிறந்தவங்களா இருந்தாலும் விடமாட்டேன்'னு சொல்வீங்க. என் அண்ணனுக்கும் இதேதான். ஆளை மட்டும் மாத்தியிருக்கீங்க. இவ ஒற்று சொன்னதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

தலைவரின் கை அப்போது கண்ணாடியில்தான் இருந்தது. யாரோ களுக்கென்று சிரிக்க, கூடமே சிரித்தது. அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை. வியர்த்து வழிய அவர் மேஜையிலிருந்து இறங்கியதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

"சரியாக் கேட்டீங்கக்கா" என்று பக்கத்து இஸ்திரிக்காரன் பல்லிளித்தான்.

"அன்னிக்கு என் அண்ணனுக்காக நீ ஏன்டா கேக்கல?"

அவன் சிரிப்பு செத்துப்போகும்வரை அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, அவள் வேலைக்குப் போனாள்.