ஜப்பான் இசைத்தட்டும் நான் கிழித்த பட்டையும்

இனியன், மலர், அப்பா வேலை செய்யும் கடையில் ஒரு பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாடுகிறவர் வந்து நாலு வரி பாடிவிட்டுப் போய்விடுவார். மீதி நேரம் முழுக்க கீபோர்டுதான். அதை வயதான மனிதர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, முடிந்ததும் சண்டை போடுகிறார்கள். "சனிக்கிழமை ஏன்ப்பா போன எடுக்கல?" என்று மலர் மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டாளே, அந்தச் சண்டைக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். போனில் சொன்னால் பாதியில் நெட் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

கடை கிள்ளானில் இருக்கிறது. ஜப்பானில் வீடுகளைக் காலி செய்கிறவர்கள் வேண்டாம் என்று விட்ட சாமான்கள் கண்டெய்னரில் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து லோரியில் எங்களிடம் வரும். தட்டு, பொம்மை, பீரோ, பிரிட்ஜ், பழைய இசைத்தட்டு எல்லாம் கலந்து கிடக்கும். முதல் எட்டு மாதம் நான் பீரோ தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டு குனியவே முடியாமல் போனபோது, தவுக்கே என்னை இசைத்தட்டுப் பக்கம் மாற்றினார். முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். எங்கள் தவுக்கே சீனர். துடைத்து அடுக்குவதுதான் வேலை. அந்த வேலையும் போய்த் திரும்ப பீரோ தூக்க வேண்டி வந்தால் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டேன், ஊருக்குத்தான் வர வேண்டும். இதை உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வாள்.

சனிக்கிழமை சண்டைக்குத் தலைவர்கள் இரண்டு பேர். ராஜன் அங்கிள் இங்கே பிரிக்பீல்ட்ஸ் என்ற தமிழர் பகுதியில் பிறந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஆள். பைசால் மலாய்க்காரர், ஹோட்டல்களில் கீபோர்டு வாசித்தவர், பழகிப் பழகித் தமிழும் பேசுவார். இருவருக்கும் ஜப்பானில் முன்பு இருந்த ராக் குழுக்கள் மேல் பைத்தியம். கீபோர்டை முன்னால் வைத்து நீளநீளமாக வாசிக்கிற குழுக்கள். கீபோர்டு, பாஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர் இருக்கிற, கிட்டாரே இல்லாத ஒரு குழுதான் அங்கிளுக்கு உயிர்.

"வெள்ளக்காரன் ஆரம்பிச்சான், ஜப்பான்காரன் முடிச்சான். அந்த ஸ்பீடு வேற எவனுக்கு வரும்?" என்பார் அங்கிள்.

"அது மியூசிக்கா அங்கிள்? விரலுக்கு எக்சர்சைஸ் லா!" என்பார் பைசால். அவருக்குப் பிடித்தது மெதுவாக வாசிக்கிற வேறொரு குழு. அவர்களிடம் ஒரு பழைய கீபோர்டு உண்டாம். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு டேப் ஓடுமாம், பத்துப் பேர் வயலின் வாசிப்பது போலக் கேட்கும்.

"உன் குழு வாசிக்கறதுக்குள்ள நான் கோமுட்டர் ரயில் புடிச்சு வீட்டுக்கே போயிருவேன்."

"போங்க. உங்க குழு அதுக்குள்ள மூணு பாட்ட முடிச்சிருக்கும், ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

இதில் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான்: அந்தப் பாடகர்கள் இங்கிலீஷில் பாடாமல் ஜப்பானிய மொழியிலேயே பாடினால் நன்றாக இருக்கிறது.

எனக்குக் கீபோர்டு என்றால் வேறு ஞாபகம். கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி சுமந்தேன். முதலில் அந்தக் குழுவில் பதினொரு பேர். புல்லாங்குழல்காரரை நிறுத்தினார்கள், கீபோர்டில் அந்தச் சத்தம் இருக்கிறது என்று. அப்புறம் வயலின். அப்புறம் வீணை வாசித்த அக்கா. கடைசியில் கீபோர்டு அண்ணன் ஒருவரே எல்லோருக்கும் பதிலாக வாசித்தார். கச்சேரி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வேனில் திரும்பும்போது காலியாக இருந்த சீட்டுகளை அவர் பார்க்கவே மாட்டார்.

இனி நான் செய்த காரியம். ஜப்பான் இசைத்தட்டு உறையின் இடது ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். முழுக்க ஜப்பான் எழுத்து, விலை, விளம்பரம். நம் வீட்டில் புது டிபன் பாக்ஸ் வாங்கினால் லேபிளை ஊறவைத்துச் சுரண்டி எடுப்போமே, அந்த எண்ணத்தில் ஒவ்வொன்றையும் கிழித்துவிட்டு, உறையைப் பளிச்சென்று துடைத்து வைத்தேன். ஒரு மூட்டை சேர்ந்தது. பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். என் ரேக் அத்தனை சுத்தம் என்று எனக்கே பெருமை.

அங்கிள் பல வருடமாகத் தேடிய, அந்த மூன்று பேர் குழுவின் தட்டு ஒன்று அந்த ரேக்கில் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அதை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"ஓபி எங்க?"

கிமோனோவுக்குக் கட்டும் இடுப்புப் பட்டிக்கு ஜப்பானில் ஓபி என்று பெயர். அந்தக் காகிதத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது இல்லாத தட்டு இவர்களுக்கு அரைத் தட்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

தவுக்கே, ஜப்பானில் இருந்தே அப்படித்தான் வந்திருக்கும் என்றார். அங்கிளும் ஜப்பான்காரனைத் திட்ட ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கண்டெய்னரில் பட்டையோடு தட்டுகள் வரும்போது தெரிந்துவிடுமே.

"நான்தான் அங்கிள் கிழிச்சேன். லேபிள்னு நெனச்சேன்."

பைசால்தான், காகிதத்துக்கு ஏது சத்தம் என்று மலாயில் சொல்லிப் பார்த்தார். அங்கிள் தட்டை ரேக்கில் வைத்தார். "மிட்டாய்த் தாளக் கிழிக்குற மாதிரி கிழிச்சிருக்கான்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தவுக்கே கத்தவில்லை. "டானியா டுலு லா" என்றார். முதலில் கேள் என்று அர்த்தம். திங்கட்கிழமை என்னைத் திரும்ப பீரோ பக்கம் அனுப்பினார்.

இரண்டு வாரம் தூக்கினேன். பெல்ட் கட்டிக்கொண்டு தூக்கினேன். போனில் நான் உட்காராமல் நின்றே பேசியது அதனால்தான்.

மூன்றாவது சனிக்கிழமை அங்கிள் நேராக நான் இருந்த இடத்துக்கு வந்தார். நான் ஒரு அலமாரிக்குக் கீழே குனிந்திருந்தேன்.

"என்னாடா தம்பி, நாங்க கத்துறத இவ்ளோ நாள் கேட்ட. உனக்கு எந்தக் குழு புடிச்சது?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். "அந்த மூணு பேரு குழுதான் அங்கிள். எங்க ஊர்ல கீபோர்டு ஆள் இல்லாத எடத்த ரொப்பும். இவரு யாருக்கும் பதிலா வாசிக்கல. கீபோர்டு கீபோர்டாவே இருக்கு."

அவர் முன்பக்கம் திரும்பி, "பைசால்! இங்க வந்து கேளு, ஓட்டு எனக்குத்தான், உனக்கு இல்ல!" என்று கத்தினார்.

"அப்ப அந்தத் தட்ட எடுத்துக்கறீங்களா அங்கிள்?"

"ஓபி இல்லாம எனக்கு வேணாம். அது வேற, இது வேற." ஆனால் போகும்போது தவுக்கேயிடம் நின்றார். "பாஸ், அவன ரெக்கார்ட் பக்கமே விடு. இனிமே அவன் தூசியக்கூட நம்மளக் கேட்டுட்டுத்தான் தட்டுவான்."

தவுக்கே சிரித்தார். திங்கட்கிழமை என்னைப் பழைய இடத்துக்கே வரச் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் கடையில் இருந்தேன். காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தை அளந்து பட்டையாக வெட்டினேன். பேனாவால் தமிழில் எழுதினேன்: கீபோர்டு ஒருவர், பாஸ் ஒருவர், டிரம்ஸ் ஒருவர், கிட்டார் இல்லை, யாருக்கும் பதிலாக யாரும் வாசிக்கவில்லை. அங்கிள் வைத்துவிட்டுப் போன, ஜப்பான் எழுத்து அச்சடித்த அந்த உறையின் இடது ஓரத்தில் அதைச் சுற்றி மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது. கிள்ளானில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. தட்டை ரேக்கில் அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.