மஞ்சள் துணியோடு கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்

சரோஜா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, ஆக்லந்தில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை நேரத்தில் வந்தது. நான் விட்டு வந்த தீவு ஊரான லௌட்டோக்காவிலிருந்து அவருடைய மகள் ரேணு பேசினாள். அவளுக்குத் தமிழ் வராது. எங்கள் ஊர் இந்தியில்தான் சொன்னாள். நாலு நாள் காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நாள். சற்றுத் தயங்கிவிட்டு, அம்மாவின் நல்ல படம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், இல்லை. எத்தனையோ பேருடைய முகங்களைக் கம்ப்யூட்டர் திரையில் திருத்திக் கொடுத்தவரை நாங்கள் யாரும் ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் பாஸ்போர்ட்டில் இருந்த சிறிய படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்களாம்.

இதைப் படிக்கும் லௌட்டோக்காக்காரர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும், அவர் கை பட்ட காகிதம் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும்: ஒரு கல்யாணப் பத்திரிகை, மாரியம்மன் கோயில் தீமிதி நோட்டீஸ், கருமாதி அட்டை.

அக்காவும் நானும் ஒரே அச்சகத்தில் பத்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தோம். அவர் வடிவமைப்பார், நான் அதை அச்சுக்குத் தயார் செய்வேன். இரண்டாயிரமாம் ஆண்டில் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள் அல்லவா, அதற்குச் சில வாரங்கள் கழித்து எங்கள் முதலாளி குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. நான் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அக்காவின் நிலை என்னுடையதைவிட மோசம். கணவர் இறந்து மூன்று வருடம், ரேணு அப்போது பள்ளிக்கூடத்தில். ஆனாலும் அவர்தான் என்னை பஸ் நிலையம் வரை நடத்திக் கூட்டிப் போனார். "வேலை போகல பாலு, மெஷின்தான் போச்சு. வேலை நம்ம கையிலதான் இருக்கு," என்றார்.

இருவர் சேமிப்பையும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தோம். இந்தியர்கள் பயந்து, ஊரே வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த நேரத்தில் கடை போடுகிறீர்களே என்று பலர் சிரித்தார்கள். சுவாவுக்குப் போகும் வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். அக்காவின் பையில் மடித்து வைத்த மஞ்சள் துணி ஒன்று இருந்தது, காப்புக் கட்டும் நாளில் கோயிலில் கொடுத்தது. இது எதற்கு என்று சிப்பாய் கேட்டான். நிறம் பார்க்க என்றார் அக்கா. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, பிரித்ததைவிட நன்றாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று கடிதம் அடிக்கிறவர்களுக்கானது. இன்னொன்று வெளிநாட்டு ஸ்டூடியோக்களில் வைப்பது. அதைப் பார்த்ததும் என் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில், பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு பெட்டி. அக்கா கொண்டுபோயிருந்த சீடியில் ஒரு பெரிய சுவரொட்டியும், அந்த மஞ்சள் துணியையே படமெடுத்த கோப்பும் இருந்தன. மூன்றிலும் சுவரொட்டியைத் திறந்து, திருப்பி, எத்தனை விநாடி ஆகிறதென்று வாய்விட்டு எண்ணினார். முதல் கம்ப்யூட்டர் பாதியிலேயே உறைந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு துணியின் படத்தைத் திறந்து, துணியைத் திரையருகே பிடித்தார். விலை உயர்ந்த திரையில் மஞ்சள் தகதகவென்று இருந்தது. நடுவிலிருந்ததில் துணியில் இருந்தபடியே, கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. "அழகாக் காட்ட வேணாம், உள்ளதக் காட்டினாப் போதும்," என்று சொல்லி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திருகாணி கழற்றித் திறக்க முடியுமா என்று கடைக்காரரைக் கேட்டார். முடியும் என்றதும் விஷயம் முடிந்தது.

அது சரியான தேர்வுதான். அறுவடைக்காகக் கரும்புத் தோட்டங்களை எரிக்கும் மாதங்களில் லௌட்டோக்காவில் கரித்தூள் விழாத இடமில்லை. சனிக்கிழமைதோறும் அக்கா தகட்டைத் திறந்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளே துடைப்பார். வேலை கனத்தபோது அவரே நினைவகம் வாங்கி உள்ளே பொருத்தினார். தையற்கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் உள்ள வாடகை அறையில் அந்தப் பெட்டி எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் சோறு போட்டது.

எங்களுக்கு வந்த வேலையெல்லாம் ஊரை விட்டுப் போகிறவர்களின் வேலை. வீடு விற்பனை நோட்டீஸ், விடைபெறும் விருந்துக்கு அழைப்பு, குடும்பப் படங்களைச் சீடியில் ஏற்றுவது. பக்கத்து ஊர் சவேனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகனோடு கனடா போகிறவர். செத்துப்போன மனைவியின் ஒரே படத்தில் பூஞ்சை ஏறி, வலது பாதி முகம் போயிருந்தது. நான் இடது பாதியை நகலெடுத்துத் திருப்பி ஒட்டினேன். ஒரு மணி நேர வேலை. பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது அவ இல்ல என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். மூன்று நாள், அவர் சொல்லச் சொல்ல வரைந்தார். வலது கண் கொஞ்சம் சின்னது. புருவத்தில் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. சிரிக்கும்போது அந்தப் பக்க உதடு பிந்தித்தான் வரும். மூன்றாம் நாள், அதுவரை இந்தியில் பேசிவந்த பெரியவர் திரையில் கை வைத்து, தமிழில், "எங்க போயிட்ட நீ," என்று கேட்டார். அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இனி எழுதப்போவது எனக்கு எளிதல்ல. அடுத்த வருடம் நானும் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று ஆறு மாதம் ஓட்டினேன். என் சான்றிதழ்களை அந்தக் கம்ப்யூட்டரிலேயே நகலெடுத்தேன். ஒரு கோப்பை அழிக்க மறந்துவிட்டேன். மறுநாள் நான் போனபோது அது திரையில் திறந்திருந்தது.

"சொல்லியிருக்கலாம் பாலு," என்றார். அன்று மாலை வரை ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரப் பூவேலையை இருவரும் சேர்ந்து முடித்தோம். விமான நிலையத்துக்கும் வந்தார். இங்கிருந்து வேலை அனுப்புகிறேன், நீங்கள் செய்து அனுப்புங்கள் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். ஒரு வேலைகூட அனுப்பவில்லை. முதலில் வேலை தேடும் அலைச்சல், பிறகு வெட்கம், பிறகு பழக்கமாகிவிட்டது. மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதுகூட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதவில்லை. அக்கா தனியாகவே அந்த அறையை நடத்தினார்.

நான் வந்து ஒன்பதாவது வருடம் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ். "பாலு, நம்ம மெஷின் நின்னுபோச்சு. இனிமே ரிப்பேர் ஆகாதாம். நீ அங்க புதுசெல்லாம் பாக்கற. ரொம்பப் பெரிசு வேணாம். நடுவுல ஒண்ணு, நிறம் பொய் சொல்லாதது, தெறந்து சுத்தம் பண்றமாதிரி, எதுன்னு சொல்லு."

பதில் எனக்கு அன்றே தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளில் இரண்டு பெயர்களைக்கூட எழுதினேன். ஆனால் கம்ப்யூட்டரின் பெயரை மட்டும் எழுதி அனுப்ப முடியவில்லை. அதற்கு மேலே, ஒன்பது வருடம் ஏன் எழுதவில்லை என்றும் எழுத வேண்டியிருந்தது. நாளை, நாளை என்று விட்டேன். அந்த வருடமே அம்மா அறையைக் காலி செய்துவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார் என்று ரேணு இப்போதுதான் சொன்னாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. இதை யாராவது படித்துச் சொன்னால் தெரிந்துகொள்வாள்.

சரோஜா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடிதம்தான். அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முடிவில், தன் பெயருக்கு மேலே, இன்னொரு வரி எழுதியிருந்தார்: "அவசரமில்ல. உனக்கு நேரம் கெடைக்கறப்ப எழுது."