மறைந்துபோன புள்ளி

பள்ளி வேன் ஓட்டுவதால் ஊருக்கே வேன் அக்காவாகிப்போனவளுக்கு வாய்த்தது ஓரிடத்தில் உட்காராத மனது. விடியற்காலையில், தியான வகுப்பில் கொடுத்த யந்திரப் படத்தின் முன் சம்மணமிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய முக்கோணங்களைத் தாண்டி நடுப்புள்ளிக்குப் போவதற்குள், டயருக்குக் காற்றடித்தோமா, இன்று எந்தப் பிள்ளைக்கு லீவு என்று ஊர் சுற்றக் கிளம்பிவிடும். தியான வகுப்பில் மற்றவர்கள் உட்கார்ந்ததுமே மேலோகம் போய்விட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒருநாள் கோடுகள் நெளிந்தன. பிறகு புள்ளியே காணாமல் போனது. நேராகப் பார்த்தால் மறைந்தது, கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் வந்தது. மனம் ஒன்றினால் மறைகிறது, அலைந்தால் வருகிறது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். வகுப்பில் சொன்னதும் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"எனக்கு அந்தப் புள்ளி இடிச்சபுளி மாதிரி அங்கேயே உக்காந்திருக்கு" என்று ஒருத்தி பொருமினாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் அவளுடைய நாத்தனார்.

"நேத்து வேகத்தடைய பாக்கலையா அண்ணி? பிள்ளைங்க தலை கூரையில இடிச்சுது."

"அதுல பெயிண்டே இல்ல. எப்படித் தெரியும்?" என்று அக்கா மழுப்பினாள்.

அன்று சாயங்காலம் ஒரு சிறுமியை இறக்கிவிட்டு, அழுதுகொண்டிருந்த இன்னொரு குழந்தையைச் சமாதானப்படுத்த நாத்தனார் உள்ளே திரும்பினாள். அக்கா முன்னால் பார்த்தாள். வெறும் ரோடு. கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள்.

"அண்ணி, பிள்ளை. முன்னால பிள்ளை."

பிரேக்கில் ஏறி மிதித்தாள். அப்போதும் நேர் எதிரே ஒன்றுமில்லை. பதறி விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். கண்ணோரத்தில் சிறுமி தண்ணீர் பாட்டிலோடு விறைத்து நின்றாள். திரும்பவும் நேராகப் பார்த்தாள். சிறுமி இல்லை. அந்தப் புள்ளியைப் போலவே இல்லை.

அக்கா வண்டியை அணைத்தாள். சாவியை உருவி நாத்தனார் கையில் திணித்தாள். "வேற டிரைவர வரச்சொல்லு. நான் இனிமே தொடமாட்டேன்."

சொன்னது அந்த நேரத்து நடுக்கத்தில். மறுநாள் கண் மருத்துவரின் அறையில் வேன் ஓட்டும் ஆசை திரும்பவும் தலைதூக்கியது. பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங் என்ற வீட்டோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலை. மருத்துவர் ஓர் அட்டையை நீட்டினார். முழுக்கக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளியாம்.

"ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு நடுவுல பாருங்க. புள்ளி தெரியுதா?"

கண்ணை ஒரு நூல் நகர்த்தினால் போதும், புள்ளி வந்துவிடும். தெரியுது என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் நாத்தனார் மூச்சுவிடாமல் நின்றாள். அக்கா நேராகவே பார்த்தாள்.

"தெரியலை டாக்டர். கோடெல்லாம் நெளியுது."

அடுத்த கண்ணுக்கும் அதே பதில்தான்.

"விழித்திரையோட நடுப்பகுதி பழுதாயிருக்கு. வண்டி ஓட்டக்கூடாதும்மா. சிகிச்சையில மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். இந்த அட்டைய வீட்டுல மாட்டி, தினம் காலையில நடுப்புள்ளியையே உத்துப் பாருங்க. கொஞ்சம் மாறினாலும் உடனே வாங்க."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடியலில் அக்கா அட்டையின் முன் உட்கார்ந்தாள். டயரும் பிள்ளைகளும் நினைவுக்கு வரவில்லை. முதல் தடவையாக மனம் எங்கேயும் போகாமல், புள்ளி எங்கே, புள்ளி எங்கே என்று அங்கேயே கிடந்தது.